பதக்கம் போனாலும் பாடம் போகவில்லை

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவிலே மண்டகப்பட்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் இந்த ஊரை எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் இங்கேதான் 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இவை எதுவும் இல்லாமலே இந்தக் கோயிலை ஆக்கினேன் என்று கல்வெட்டிலே பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறான் ராஜா.

அந்தக் கல்வெட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொருவர் ஞாபகமும் சேர்ந்தே வருகிறது. ராஜா செங்கல் இல்லாமல் கோயில் கட்டினான். இவரோ, செங்கல் சூளைக் கூலியைத் தவிர வேறு வருமானம் இல்லாத வீட்டிலே பிறந்து, ஆசியாவிலேயே இரண்டாவதாக ஓடி வந்தார்!

யார் அவர்? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன்.

அவர் கதை தெரிந்ததுதானே என்று வாசகர்கள் கேட்கலாம். பாதிக் கதை தெரியும். பதக்கம் வாங்கினார், பறித்துக் கொண்டார்கள் என்பதோடு நாம் நிறுத்திக் கொள்கிறோம். அதற்குப் பிறகு அவர் கையில் விசிலை எடுத்தாரே, அந்த மீதிக் கதையைத்தான் இன்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அதிலே நம்முடைய லாப நஷ்டமும் கலந்திருக்கிறது.

தாத்தா வாங்கித் தந்த பூட்ஸ்

சாந்தி 1981-ல் பிறந்தவர். ஐந்து குழந்தைகளில் மூத்தவர். தாயும் தகப்பனும் சூளையிலே வேலை செய்தார்கள். வீட்டிலே வயிறாரச் சாப்பாடு கிடையாது. ஆனால் தாத்தா ஓட்டத்தில் கெட்டிக்காரர். பேத்தியை வீட்டுக்கு வெளியே மண் தரையிலே ஓட வைத்துப் பழக்கினார். முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

எட்டாவது படிக்கும்போது பந்தயத்தில் ஜெயித்துத் தகரக் கோப்பை ஒன்று வாங்கினார் சாந்தி. பிறகு கோப்பைகள் வந்துகொண்டே இருந்தன. உயர்நிலைப் பள்ளி விளையாட்டு ஆசிரியர் ஒருவர் கண்ணிலே பட்டார். அந்தப் பள்ளியில் சேர்த்தார்கள். சம்பளத்தைக் கட்டினார்கள், சீருடை கொடுத்தார்கள், சூடாக மதியச் சாப்பாடு போட்டார்கள். மூன்று வேளைச் சாப்பாடு என்பது அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தெரிந்ததாம்! பிறகு உதவித் தொகையில் புதுக்கோட்டையிலே கல்லூரி. அப்புறம் சென்னையிலே கல்லூரி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாந்தியின் கால்கள் கடவுள் கொடுத்தவை. ஆனால் அந்தக் கால்களை ஆசியப் பந்தயம் வரை கொண்டு போனவர்கள் சொல்லிக் கொடுத்தவர்கள். ஒரு தாத்தா, ஒரு பள்ளி ஆசிரியர், அப்புறம் கல்லூரிப் பயிற்சியாளர்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போயிருந்தாலும் சாந்தி சூளையிலேயே இருந்திருப்பார்.

நூற்றில் மூன்று பங்கு வினாடி

2005-ல் பெங்களூரில் 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் நடந்தது. ஆளின் இடுப்பளவுக்குத் தடைகள். பெண்களுக்கு அதன் உயரம் இரண்டரை அடி. 28 முறை அதைத் தாண்ட வேண்டும். அது போக, தண்ணீர்ப் பள்ளத்தை 7 முறை தாண்ட வேண்டும். சாந்தி 10 நிமிடம் 44.65 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். அதே வருஷம் தென் கொரியாவில் இஞ்சியானில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி.

2006 டிசம்பரில் தோஹாவில் ஆசிய விளையாட்டு. மறுபடியும் 800 மீட்டர். மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டிய ஓட்டம் இது. விவரம் தெரியாதவர் முதல் சுற்றில் பறப்பார். இரண்டாவது சுற்றில் கால் ஈயக் குண்டாகிவிடும். பயந்தவர் மெதுவாகத் தொடங்குவார். பிறகு எட்டிப் பிடிக்க முடியாது. எந்த இடத்தில் மூச்சைப் பிடித்து வைப்பது, எந்த வளைவில் செலவழிப்பது என்ற கணக்குத்தான் 800 மீட்டர்.

சாந்தி 2 நிமிடம் 3.16 வினாடியில் வந்தார். பஹ்ரைன் வீராங்கனை மரியம் யூசுப் ஜமாலுக்குத் தங்கம், சாந்திக்கு வெள்ளி. மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் பெண்ணுக்கும் இவருக்கும் வித்தியாசம் ஒரு வினாடியில் நூற்றில் மூன்று பங்கு! கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு.

சில நாட்கள்தான் அந்தச் சந்தோஷம். பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று செய்தி வந்தது. பதக்கம் பறிபோயிற்று. டாக்டரும் அவரும் மட்டும் அறிய வேண்டிய விஷயம் பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் ஊரறிய வந்தது. அந்த அவமானத்தை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. வீட்டிலே பெண் பிள்ளை இருக்கிறவர்களுக்குப் புரியும்.

அவர் ஏமாற்றினாரா?

“பெண்கள் பந்தயத்திலே நியாயம் வேண்டாமா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெண்களுக்கென்று தனிப் பந்தயம் இருக்கும்போது, அதில் யார் ஓடலாம் என்று ஒரு விதி இருந்தே தீர வேண்டும்.

ஆனால் அந்த விதி ஒரே இடத்தில் நின்றிருக்கிறதா? 1966-ல் உலகத் தடகளச் சங்கம் சோதனையைத் தொடங்கிற்று. 1985-ல் ஸ்பெயின் நாட்டு வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோவை விலக்கினார்கள். 1988-ல், “தவறு, நீ ஓடலாம்” என்றார்கள். 1999-ல் ஒலிம்பிக் சங்கம் எல்லாப் பெண்களையும் சோதிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. 2011-ல் ஹார்மோன் அளவு பார்க்கும் விதி வந்தது. ஒரிஸ்ஸாப் பெண் டூட்டி சந்த் வழக்குப் போட்டு 2015-ல் அதை நிறுத்தி வைக்கச் செய்தார். 2018-ல் வேறு விதி. 2023-ல் அது இன்னும் கடுமையாயிற்று. 2025 செப்டம்பர் முதல் மரபணுச் சோதனை.

டாக்டர்களும் நீதிபதிகளும் அறுபது வருஷமாக முடிவு காணாத விஷயம் இது. கத்தக்குறிச்சிப் பெண் எப்படி முன்கூட்டித் தெரிந்திருக்க முடியும்? அவர் மருந்து சாப்பிடவில்லை. பெயரை மாற்றிக் கொண்டு ஓடவில்லை. பிறந்த உடம்போடு, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடினார். விதி எதுவானாலும் அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. இதிலே எனக்குச் சந்தேகமே இல்லை.

விசில் ஊதச் சோதனை உண்டா?

சரி, ஓடுவதற்குத் தடை. சொல்லிக் கொடுப்பதற்கு என்ன தடை? விசில் ஊதுவதற்கு உலகத்தில் எந்தச் சோதனையும் கிடையாதே!

தமிழக அரசு அவரைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது. அப்போது முதலமைச்சராக இருந்த கருணாநிதி, பதக்கம் பறிபோன பிறகும் 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்துக் கௌரவித்தார். அது பெரிய மனசு. சாந்தியும் புதுக்கோட்டையிலே ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொண்டு ஓட்டம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 2009 வாக்கில் அவரிடம் 68 பிள்ளைகள் பழகினார்கள். சென்னை மாரத்தானில் முதல் இடமும் மூன்றாம் இடமும் அவருடைய பிள்ளைகளுக்கே கிடைத்தன.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்த உத்தியோகம் என்ன? மாதம் 5,000 ரூபாயில் தற்காலிகப் பயிற்சியாளர் வேலை! அதை வைத்துக் குடும்பம் நடக்குமா? நடக்கவில்லை. 2012-ல் அவர் மறுபடியும் செங்கல் சூளையிலே நின்றார். கூலி ஒரு நாளைக்கு 200 ரூபாய். இந்தியாவுக்காகச் சர்வதேசப் பந்தயங்களில் பதக்கம் வாங்கிய கை மண் பிசைந்தது.

பத்திரிகைகள் எழுதின. நாலு பேர் பரிதாபப்பட்டார்கள். 2013-ல் பெங்களூரில் பயிற்சியாளருக்கான டிப்ளமோ படிப்பிலே அவருக்கு இடம் கிடைத்தது. படித்து முடித்து வந்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார்.

2006-க்கும் 2016-க்கும் நடுவே எத்தனை வருஷம் என்று வாசகர்களே எண்ணிப் பாருங்கள். முழுசாகப் பத்து! சாந்திக்கு நஷ்டம் என்று நாம் உச்சுக் கொட்டுகிறோம். நமக்கு நஷ்டம் இல்லையா? 800 மீட்டரின் கணக்கு முழுதும் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருந்தார். அந்தக் கணக்கைக் கற்றிருக்க வேண்டிய எத்தனை பெண் பிள்ளைகள் அந்தப் பத்து வருஷத்தில் படிப்பு முடிந்து கல்யாணமாகிப் போனார்களோ!

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

பக்கத்து வீட்டைப் பார்ப்போம். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கிலே வெண்கலத்தைத் தவற விட்டார் பி.டி.உஷா. அவர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது கேரள அரசு நிலம் கொடுத்தது. அந்தப் பள்ளியிலே வளர்ந்தவர் டின்டு லூகா. 2010-ல் அவர் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். 2014 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார். உஷா தவற விட்டதை உஷாவின் பிள்ளை வேறு விதத்தில் கொண்டு வந்து சேர்த்தது.

தூரத்து வீட்டையும் பார்ப்போம். அமெரிக்காவில் சாப்ட்பால் என்று ஒரு விளையாட்டு. பேஸ்பால் மாதிரிதான், பந்து பெரிது, கையைத் தாழ்த்தி எறிய வேண்டும். அதிலே லிசா பெர்னாண்டஸ் என்ற பெண் 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர். அவர் படித்த லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகம் என்ன செய்தது? வா, இங்கே இருந்து நம் பெண்களுக்குச் சொல்லிக் கொடு என்று பயிற்சியாளராக வைத்துக் கொண்டது. அதை யாரும் தர்மம் என்று சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வார்கள்.

நம் ஊரிலே சாதனையாளருக்கு வேலை கொடுப்பதை உதவி என்று நினைக்கிறோம். விழா வைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், செக் கொடுக்கிறோம். அவ்வளவோடு கடன் தீர்ந்தது என்று வீட்டுக்குப் போகிறோம். விதை நெல்லுக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பரணிலே போட்டால் விளையுமா?

ஆகவே என் கட்சி இதுதான். சாதனை செய்து ஓய்ந்த வீராங்கனைகளுக்குப் பயிற்சி பெற வசதி செய்து கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் நிலையான வேலை கொடுங்கள். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று பயப்படுகிறவர், நாலு வருஷம் கழித்து ஓடப் போகிற பிள்ளையை எப்படி உருவாக்குவார்? ஓட்டக்காரியை உருவாக்குவது தென்னை வைப்பது போல. கீரைப் பாத்தி அல்ல.

சாந்தியின் பதக்கத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாமா? கேட்க வேண்டும், கேட்டுக் கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அது தோஹாவில் நடந்த பந்தயத்துக்கு வர வேண்டிய பாக்கி. நாளைக்கு நடக்கப் போகிற பந்தயங்களின் சாவி நம் கையிலேயே இருக்கிறது.

மறுபடியும் மண்டகப்பட்டு

மண்டகப்பட்டிலே ஒரு பெண் பிள்ளை வேகமாக ஓடுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். தாய் தகப்பன் கூலி வேலை. பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவிலே எல்லாரையும் முந்திவிடுகிறாள். கை தட்டுகிறோம்; பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுக்கிறோம். அப்புறம்? முதல் சுற்றில் எவ்வளவு, இரண்டாம் சுற்றில் எவ்வளவு என்று அவளுக்கு யார் சொல்லித் தருவது?

அந்தக் குகைக் கோயிலிலே ராஜாவின் பட்டப் பெயர் இருக்கிறது. உளி பிடித்த சிற்பியின் பெயர் இல்லை. ஆனாலும் கருங்கல்லை எப்படிக் குடைவது என்ற வித்தை அங்கேயே முடிந்து போகவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிற்று. அதனால்தான் பின்னாலே மாமல்லபுரம் வந்தது.

சாந்தியின் 10 நிமிடம் 44.65 வினாடியைப் பின்னால் வந்தவர்கள் முறியடித்துவிட்டார்கள். சாதனை என்றால் முறியத்தான் செய்யும். அவரிடம் இருக்கும் வித்தை முறியவில்லை. மைதானத்தின் ஓரத்திலே, கையில் கடிகாரத்தோடு, கழுத்தில் விசிலோடு அது நிற்கிறது. அந்த விசில் சத்தம் கேட்கிற தூரத்தில் நம் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்துவோம்!