இடமாற்றம் தண்டனை அல்ல: யாழ்ப்பாணத்துப் பொலிஸாரை யார் மேற்பார்வை செய்கிறார்கள்?

கடந்த வருடம் எங்கள் அயலில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் தண்ணீர் மோட்டர் இரவோடு இரவாகக் களவு போய்விட்டது. விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, பேப்பருக்கு எழுதிற பிள்ளை நீங்கள். ஒருக்கா என்னோடை பொலிசுக்கு வாங்கோ. எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு" என்றார். களவு கொடுத்தவர் அவர். பயந்ததும் அவர்தான்.

பொலிஸ் நிலையத்தில் எங்களுக்கு யாரும் கரைச்சல் தரவில்லை. கதிரை தந்தார்கள். ஓர் இளம் உத்தியோகத்தர் தெரிந்த தமிழில் கேள்வி கேட்டார். அம்மா தமிழில் சொன்னார். அவர் அதைச் சிங்களத்தில் எழுதிவிட்டு, கீழே கையெழுத்து வைக்கும்படி கொப்பியைத் திருப்பினார். அம்மா வைத்தார். வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு இப்போது வாகனம் இல்லை, பிறகு வருகிறோம் என்றார்கள். புறப்படும்போது நான் அந்த உத்தியோகத்தரிடம் ஊர் எது என்று கேட்டேன். தெற்கில் ஒரு கிராமம். வீட்டுக்குப் போய் மூன்று கிழமை என்றார். வரும் வழியில் அம்மா கேட்டார்: "அதிலை என்ன எழுதினவை எண்டு உங்களுக்கு விளங்கினதே, தம்பி?" எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதிதான் விளங்கியிருந்தது.

இது பெரிய அநியாயம் ஒன்றும் அல்ல. யாரும் அடிக்கப்படவில்லை, யாரும் சாகவில்லை. ஆனால் பொலிஸார் பற்றி நாம் தனித்தனியாகப் பேசும் மூன்று விடயங்கள் அந்த அரை மணித்தியாலத்தில் ஒன்றாக இருந்தன. யாரை இங்கே அனுப்புகிறார்கள், அவர்கள் கையில் என்ன உபகரணம் இருக்கிறது, அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள். ஆளணியும் உபகரணமும் நிர்வாகப் பிரச்சினை என்றும், நடத்தை மட்டுமே மனித உரிமைப் பிரச்சினை என்றும் நாம் பிரித்துப் பழகிவிட்டோம். யாழ்ப்பாணத்தின் அனுபவம் அப்படிப் பிரிக்க இடம் தருவதில்லை.

1981ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜூன் 4ஆம் திகதி நடக்கவிருந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காக வெளி மாவட்டங்களிலிருந்து பெருமளவு பொலிஸார் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மே 31ஆம் திகதி நாச்சிமார் கோவிலடிக் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டதைத் தொடர்ந்து நகரம் எரிந்தது. யாழ். பொது நூலகமும் எரிந்தது. அந்த நாட்களின் கொடூரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் ஓர் ஆளணித் தீர்மானம் இருந்தது. இந்த ஊரை அறியாத, இந்த ஊருக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஆட்களை இங்கே அனுப்புவதென்று கொழும்பில் யாரோ ஒருவர் ஒப்பமிட்டிருக்கிறார்.

யுத்தம் முடிந்த பிறகு குடாநாட்டில் நடந்த மூன்று சம்பவங்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

2011 நவம்பரில் சுன்னாகம் பொலிஸாரால் கைது செய்யப்பட்ட ஓர் இளைஞர் இறந்தார். அவரது உடல் கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவரைச் சித்திரவதை செய்ததற்காக யாழ். மேல் நீதிமன்றம் ஆறு பொலிஸாருக்குப் பத்து வருடக் கடூழியச் சிறைத் தண்டனை விதித்தபோது 2017ஆம் ஆண்டு பிறந்திருந்தது.

2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியருகே மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். விபத்து என்றே முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரியவந்தது. அதன்பின் ஐந்து பொலிஸார் கைது செய்யப்பட்டார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் நிற்காமல் போனால் சுடுவதற்கு ஒரு துப்பாக்கி இருந்தது. அடுத்த சந்திக்கு அறிவித்து மறிப்பதற்கான ஏற்பாடோ, சுட்டதை உடனே பதிவு செய்யும் ஒழுங்கோ வேலை செய்யவில்லை. உபகரணம் பற்றிய கேள்வி என்று நான் சொல்வது இதைத்தான்.

2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்ட சித்தங்கேணி இளைஞர் ஒருவர், தன்னை எப்படி அடித்தார்கள் என்று பேசிய காணொளி ஒன்றை விட்டுவிட்டு 19ஆம் திகதி இறந்தார். பொலிஸ் தரப்பிலிருந்து முதலில் வந்த நடவடிக்கை, உத்தியோகத்தர்கள் இருவரின் இடமாற்றம். நான்கு பொலிஸார் கைதானது, விடயம் நீதிமன்றத்துக்குப் போய், சட்டத்தரணிகள் திரண்டு, மக்கள் கொதித்தெழுந்த பிறகு.

மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன? பொறுப்புக்கூறல் என்று ஏதாவது நடந்திருந்தால் அது ஓர் உயிர் போன பிறகு, நீதிமன்றத்தில் நடந்தது. மரணத்துக்கு முந்திய கட்டத்தில், அதாவது நியமனம், பயிற்சி, மேற்பார்வை, முறைப்பாடு எதிலும், எந்த நிறுவனமும் குறுக்கே வந்ததாகத் தெரியவில்லை. பொலிஸ் திணைக்களம் தானாகக் கையில் எடுக்கும் மருந்து இடமாற்றம். வட்டுக்கோட்டையில் பிரச்சினையான உத்தியோகத்தர் இன்னொரு ஊரில் பிரச்சினை இல்லாதவர் ஆகிவிடுவாரா? அந்த ஊர் மக்களிடம் யாராவது கேட்டார்களா?

இதைப் பார்க்க வேண்டிய நிறுவனம் காகிதத்தில் இருக்கிறது. 2001இல் வந்த அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கியது. பொலிஸ்மா அதிபர் தவிர்ந்த ஏனைய உத்தியோகத்தர்களின் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை, பதவி நீக்கம் ஆகியவற்றையும், பொதுமக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் பொறுப்பையும் அதன் கையில் கொடுத்தது. 2010இல் 18ஆவது திருத்தம் முறைப்பாட்டுப் பொறுப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பறித்தது. 2015இல் 19ஆவது திருத்தம் திருப்பிக் கொடுத்தது. 2020இல் 20ஆவது திருத்தம் மறுபடி பறித்தது. 2022இல் 21ஆவது திருத்தம் மறுபடி கொடுத்தது. ஒரு மேற்பார்வை நிறுவனத்தின் அதிகாரம் மின்குமிழ் போல எரிந்து அணைந்துகொண்டிருந்தால், மேற்பார்வை செய்யப்படுபவருக்கு அதைப் பற்றி என்ன பயம் இருக்கும்? அதிகாரம் இருக்கும் காலத்திலும் அதைப் பொலிஸ்மா அதிபருக்குக் கையளிக்க அரசியலமைப்பே இடம் தருகிறது. பொலிஸைப் பற்றிய முறைப்பாடு சுற்றிச் சுழன்று பொலிஸிடமே வந்து சேரும் வழி இப்படித்தான் திறக்கிறது.

உச்சியில் நடந்ததையும் பார்த்தோம். தேசபந்து தென்னக்கோன் ஒருவரைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் 2023 டிசம்பர் 14ஆம் திகதி தீர்ப்பளித்தது. இரண்டரை மாதம் கூட ஆகவில்லை, 2024 பெப்ரவரி 26ஆம் திகதி அவர் பொலிஸ்மா அதிபராக நியமிக்கப்பட்டார். அதே வருடம் ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வேறு குற்றச்சாட்டுகளையும் சேர்த்து நடந்த விசாரணையின் பின் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. எதிராக ஒரு வாக்கும் விழவில்லை. இது இலங்கையில் முன்னர் நடக்காதது, அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பொலிஸ்மா அதிபரை நீக்க நாட்டின் உச்ச நிறுவனங்கள் இரண்டு தேவைப்பட்டன. ஒரு கிராமத்துப் பொலிஸ் நிலையத்தின் சார்ஜன்டைப் பற்றிக் கேட்க நமக்கு எந்த நிறுவனம் இருக்கிறது?

ஒன்று இருந்திருக்க வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் பொலிஸ் அதிகாரங்கள் பற்றிய பின்னிணைப்பை, அதைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள்கூட முழுதாக வாசிப்பது குறைவு. மாகாணத்துக்குப் பொறுப்பான பிரதிப் பொலிஸ்மா அதிபர் முதலமைச்சரின் இணக்கத்துடன் நியமிக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. மூன்று பேர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவில் ஒருவர் முதலமைச்சரின் நியமனம். மாகாணப் பொலிஸ் பிரிவின் ஆளணி எவ்வளவு என்பதைப் பரப்பளவையும் சனத்தொகையையும் பார்த்து மாகாண நிர்வாகம் ஜனாதிபதியின் அங்கீகாரத்துடன் தீர்மானிக்க வேண்டும். துப்பாக்கிகளும் உபகரணங்களும் எவ்வகை, எத்தனை என்பதற்குக்கூட மாகாண ஆணைக்குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும். இவற்றில் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இந்தக் கட்டுரை எழுதப்படும் வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. பொலிஸ் அதிகாரம் என்றால் தனிப்படை என்று தெற்கில் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பின்னிணைப்பில் இருப்பது பெரும்பாலும் ஆளணியும் உபகரணமும் மேற்பார்வையும்தான்.

அப்படியானால் தமிழ்ப் பொலிஸார் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. 2020 ஜூனில் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையையும் மகனையும் அடித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவர்கள் பேசிய அதே மொழியைப் பேசியவர்கள். அந்த நிலையத்தில் கமரா இருந்தது. ஆனால் பதிவுகள் ஒவ்வொரு நாளும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன நீதிவான் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் கமரா பொருத்தி, பதிவுகளை நீண்ட காலம் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மொழி வேண்டும், கமராவும் வேண்டும். ஆனால் கமராவின் சாவி யாரிடம் என்பதே கடைசிக் கேள்வி.

யுத்தத்திலிருந்து மீண்ட இன்னொரு சமூகம் இதை எப்படிச் செய்தது என்று பார்க்கலாம். வட அயர்லாந்தில் 1999இல் வெளியான பற்றன் ஆணைக்குழு அறிக்கையின்படி பழைய பொலிஸ் சேவை 2001இல் மாற்றியமைக்கப்பட்டது. பத்து வருடம், சேர்க்கப்படும் இருவரில் ஒருவர் கத்தோலிக்கர் என்ற விதி இருந்தது. ஏறத்தாழ 8 வீதமாக இருந்த கத்தோலிக்கரின் பங்கு 30 வீதம் அளவுக்கு வந்தது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. மக்கள் பிரதிநிதிகள் அமரும் பொலிஸ் சபை ஒன்றையும், பொலிஸுக்குள் அடங்காத முறைப்பாட்டு விசாரணையாளர் ஒருவரையும் வைத்தார்கள். பொலிஸாரின் செயலால் ஒருவர் இறந்திருக்கலாம் என்றால், அதைப் பொலிஸார் தாங்களே விசாரித்து முடிக்க முடியாது. அந்த விசாரணையாளரிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஆட்சேர்ப்பும் மேற்பார்வையும் ஒன்றாக வந்ததால்தான் அது ஓரளவு நிலைத்தது.

நம் பக்கத்திலும் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. வாள்வெட்டு, போதைப்பொருள், மணல் கடத்தல் என்று வரும்போது பொலிஸ் எங்கே என்று நாமே கேட்கிறோம். ஆனால் நம் பிள்ளை பொலிஸில் சேரப் போகிறேன் என்றால் வீட்டில் சண்டை. அந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு, அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம்பிக்கை வந்த பிறகுதான் சேருவோம் என்று நாமும், சேர்ந்தால்தான் மாற்றம் வரும் என்று அரசும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்த முடிச்சு அவிழாது. முதல் அடி அரசினுடையது. ஏனென்றால் சாவி அதனிடம் இருக்கிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி, பொதுப் பதிவேடுகள் தமிழில் பேணப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆகவே விளங்காத மொழியில் எழுதப்பட்ட முறைப்பாட்டில் கையெழுத்திட முன், தமிழில் எழுதும்படி கேட்பது சலுகை கேட்பதல்ல. பொலிஸாரால் உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அதில் கணக்கிடப்படாது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் உண்டு. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

சென்ற கிழமை அந்த அம்மா போன பொலிஸ் நிலையம் பற்றி நானும் ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். மூன்று கேள்விகள். அங்கே தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடிய உத்தியோகத்தர்கள் எத்தனை பேர்? ஓடும் நிலையில் உள்ள வாகனங்கள் எத்தனை? கடந்த ஐந்து வருடங்களில் அங்குள்ளவர்களுக்கு எதிராக வந்த முறைப்பாடுகள் எத்தனை, அவற்றில் எத்தனை இடமாற்றத்தோடு முடிந்தன?

அம்மாவிடம் சொன்னேன். "மோட்டரைப் பற்றிக் கேட்கேல்லையே?" என்றார். அதற்கும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன்.