மறுமுயற்சி யாருக்கு உரியது?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர் நம் முன்னோர். நுழைவுத் தேர்வில் எண்ணிய மதிப்பெண் பெறாத மாணவர் அதனை மீண்டும் எழுதுவதில் இழுக்கு ஏதுமில்லை. ஒரு நாள் காய்ச்சல் பன்னிரண்டு ஆண்டுக் கல்வியின் பயனைப் பறித்துவிடலாகாது. ஆகவே, மறுமுயற்சி மாணவரின் உரிமையே. அவ்வுரிமை எல்லார்க்கும் ஒப்பக் கிடைக்கின்றதா என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கான சாட் தேர்வை ஓராண்டில் பல முறை எழுதலாம். எந்த நாளில் பெற்ற மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவது என்பதை மாணவரே தெரிவு செய்யும் வசதி 2009இல் வந்தது. எல்லா மதிப்பெண்களையும் கேட்கும் பல்கலைக்கழகங்களும் சில உண்டு. நம் நாட்டில் பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை ஓராண்டில் இரு முறை எழுதி, உயர்ந்த மதிப்பெண்ணைக் கொள்ளும் முறை 2019இல் தொடங்கியது. மருத்துவத்திற்கான நீட் தேர்வின் நிலை வேறு. அது ஆண்டுக்கு ஒருமுறையே நடைபெறுகின்றது. உள்நாட்டுச் சேர்க்கைக்கு அவ்வாண்டு மதிப்பெண் அவ்வாண்டிற்கே செல்லும். மீண்டும் எழுத விழைவோர் ஓராண்டைச் செலவிடுவதோடு, முன்பு பெற்ற மதிப்பெண்ணையும் இழக்கின்றனர்.

அந்த ஓராண்டிற்கு விலை உண்டு. பயிற்சிக் கட்டணம், விடுதிச் செலவு, வீட்டிற்கு வரவேண்டிய ஊதியத்தின் இழப்பு எனப் பல வகையில் அது குடும்பத்தின் தோளில் ஏறுகின்றது. நீதியரசர் ஏ.கே. இராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை இதனைத் தெளிவாக்கிற்று. தமிழகத்தில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தோருள் மறுமுறை எழுதியோர் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. காத்திருக்க வசதி படைத்தோர் வென்றனர். முதன்முறை எழுதிய ஏழை மாணவர் பின்தங்கினர் என்பதன்றி இதற்கு வேறு பொருள் யாது?

நீட் மதிப்பெண் ஈராண்டு செல்லுபடியாதல் வேண்டும். இரண்டில் உயர்ந்ததை ஏற்றல் வேண்டும். ஜே.இ.இ. மேல்நிலைத் தேர்வை இரு முறைக்கு மேல் எழுதவியலாது. அதுபோன்ற வரம்பு நீட் தேர்விற்கும் தேவை. வரம்பில்லா வாய்ப்பு வளமுடையார்க்கே பயன்படும்.

சட்டம் மாறும்வரை நாம் வாளாவிருத்தல் தகாது. மகன் தவறினால், "இன்னும் ஓராண்டு படிக்கட்டும்" என்கிறோம். மகள் தவறினால் மாப்பிள்ளை தேடத் தொடங்குகிறோம். அவளினும் குறைந்த மதிப்பெண் பெற்ற மகனுக்குக் கிடைக்கும் ஓராண்டு அவளுக்கு ஏன் மறுக்கப்படுகின்றது? பெற்றோர் இவ்வினாவைத் தம் உள்ளத்தில் எழுப்புதல் வேண்டும். சமுதாயப் பெரியோர், கல்லூரியில் சேர்ந்தபின் தரும் உதவித் தொகையோடு, காத்திருக்கும் அந்த ஓராண்டுச் செலவிற்கும் வழி காணல் வேண்டும். ஆசிரியப் பெருமக்களோ, எவர் மீண்டும் எழுதலாம், எவர் வேறு துறையில் ஒளிரலாம் என்பதைத் தயங்காது எடுத்துரைத்தல் வேண்டும்.

இரண்டாம் வாய்ப்பு உழைப்பிற்கு உரியதாகட்டும். பணப்பைக்கு உரியதாக வேண்டா.