கோச் வேணுமாம், கோச்சு!

சொந்த வேலையாகக் கம்பம் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடைக்குள் தலையை நீட்டியதுதான் தாமதம், "வா மாப்ள, மெட்ராஸ்ல இருந்து வர்றவன், நீ ஒரு நியாயம் சொல்லு" என்று கையைப் பிடித்து இழுத்தார் திராட்சைத் தோட்டத்து மாமா. பாகப் பிரிவினையோ என்று வெலவெலத்துவிட்டேன். நல்லவேளை, ஃபுட்பால்! இந்திய டீமுக்கு வெளிநாட்டு கோச் தேவையா, நம்மாளே போதுமா என்று பெஞ்சு இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

பெரியகுளம் என்றால் கூடைப்பந்து, மற்ற ஊரெல்லாம் கிரிக்கெட் என்று இருக்கிற எங்கள் ஜில்லாவில் கால்பந்துக்காக ஒரு சண்டை! எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

விவரம் தெரியாதவர்களுக்கு முன்கதைச் சுருக்கம். 2024 ஜூனில் குரோஷியாக்காரர் ஸ்டிமாக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் ஸ்பெயின் நாட்டு மனோலோ மார்க்கேஸ். வரும்போதே அவருக்குக் கோவா கிளப்பில் ஒரு கோச் வேலை இருந்தது. அதையும் வைத்துக்கொண்டு இதையும் பார்த்தார். நம் ஆபீஸில் லஞ்ச் டயத்தில் எல்.ஐ.சி. பாலிசி பிடித்தாலே மெமோ தருகிறார்கள் சார்! பலன், எட்டு மேட்ச்சில் ஒரே ஒரு வெற்றி. அதுவும் மாலத்தீவுடன். 2025 ஜூனில் ஹாங்காங்கிடமும் தோற்று, ஜூலையில் கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

வேலை காலி என்று விளம்பரம் போட்டதும் வந்து குவிந்தன 170 விண்ணப்பங்கள். அதில் ஒன்று பார்சிலோனாவின் ஸாவி பெயரில்! 'அவருக்குச் சம்பளம் கொடுக்க நமக்குக் கட்டுப்படியாகாது' என்று பெருமூச்சுடன் செய்தி வந்தது. மறுநாளே, அந்த மெயில் அசல் இல்லை என்றது ஃபெடரேஷன். கார்டியோலா பெயரிலும் ஒன்று வந்திருந்ததாம். பி.காம். முடித்து நான் அனுப்பிய அப்ளிகேஷன்கள் எல்லாம் அசல்தான். ஒன்றுக்குக்கூட இப்படிப் பேப்பரில் செய்தி வரவில்லை.

சலித்து எடுத்துக் கொடுத்த கமிட்டிக்குத் தலைவர் ஐ.எம்.விஜயன். 'திமிரு' படத்தில் விஷாலுக்கு வில்லனாக வந்தாரே, அவரேதான். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையனாக இருந்து இந்திய கேப்டன் ஆனவர். கடைசியில் மிஞ்சியது மூன்று பெயர். ஏற்கெனவே இரண்டு முறை இங்கே கோச்சாக இருந்த ஆங்கிலேயர் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் டார்கோவிச், நம் காலித் ஜமீல்.

"வெள்ளைக்காரன்னா எளக்காரமா? பென்னிகுவிக் யாருப்பா?" என்று பெஞ்சில் ஒருவர் குரலை உயர்த்தினார். கடையே கப்சிப். கம்பம் பள்ளத்தாக்கில் இந்த ஒரு பெயருக்கு எதிர்வாதம் கிடையாது. 1895-ல் அவர் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால்தான் இங்கே 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. குழந்தைகளுக்கு அவர் பெயர் வைக்கிற ஊர் இது.

நான் மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, பென்னிகுவிக் பொறந்தது புனேயில. நம்மாளு காலித் ஜமீல் பொறந்தது குவைத்துல. இப்போ யாரு உள்ளூரு, யாரு வெளியூரு?"

கடைக்காரர் சிரித்ததில் டீ சிந்தியது. எனக்கு மட்டும் சிரிப்பு சரியாக வரவில்லை. காரணம் இருக்கிறது.

ஸ்கூலில் எங்கள் டீமுக்கு ஒரு டிரில் மாஸ்டர். விடிகாலையில் சைக்கிளில் வந்து கிரவுண்டில் கல் பொறுக்குவார், சுண்ணாம்பில் கோடு போடுவார். ஷூ இல்லாத பையனுக்குத் தன் கைக்காசில் வாங்கித் தருவார். ஒரு டோர்னமென்ட் வந்தபோது, 'மதுரையிலிருந்து பெரிய கோச்சைக் கூட்டி வரலாம்' என்று முடிவானது. டீமில் நாங்களும் கையைத் தூக்கினோம். நான்தான் முதலில் தூக்கினேன். வந்தவர் டிராக் சூட், கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில் என்று ஜோராக இருந்தார். மூன்று நாள் பயிற்சி. முதல் மேட்ச்சிலேயே 4-0. அன்று மாலையே அவர் மதுரை பஸ் ஏறிவிட்டார். மறுநாள் காலை நான் கிரவுண்டுக்குப் போனபோது மாஸ்டர் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "வாடா" என்றார். அவ்வளவுதான்.

ஹைதராபாத்தில் ரஹீம் என்று ஒரு ஸ்கூல் வாத்தியார் இருந்தார். 1951, 1962 என்று இரண்டு ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த கோச் அவர்தான். 1956 ஒலிம்பிக்கில் நாலாவது இடம். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் விமானம் ஏறி வந்தார்கள். அந்த உயரத்துக்கு யாரும் கொண்டுபோகவில்லை.

அதற்காக, உள்ளூர்க்காரர் என்றாலே ஜெயித்துவிடுவார் என்று நான் கற்பூரம் அடிக்க மாட்டேன். 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி காலித் ஜமீலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2017-ல் மிசோரமின் சின்னஞ்சிறு ஐஸால் டீமை ஐ-லீக் சாம்பியன் ஆக்கிய மனிதர். 13 வருஷம் கழித்து அந்த நாற்காலியில் ஓர் இந்தியர். வந்த வேகத்தில் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே சாய்த்து, ஓமனைப் பெனால்டியில் வென்று, அந்தப் போட்டியில் மூன்றாவது இடம். ஒரே தாரை தப்பட்டை! அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவில் 1-2. 2027 ஆசியக் கோப்பைக் கதவு சாத்திக்கொண்டது. நவம்பரில் வங்காளதேசத்திடமும் தோல்வி. உடனே, 'நான் அப்பவே சொன்னேன்ல' கோஷ்டி கிளம்பிவிட்டது. ஸ்டிமாக்குக்கு ஐந்து வருஷம் கொடுத்தோம். இவருக்கு மூன்று மாதத்தில் கணக்குப் பார்க்கிறோம். எந்த ஊர் ஆடிட்டிங் இது?

பெஞ்சில் தீர்ப்பு எதுவும் ஆகவில்லை. கிளம்பும்போது மாமா ரகசியமாகத் தோளில் கை போட்டார்.

"ஏன் மாப்ள, அடுத்த தடவை ஆளு எடுக்கிறப்ப அந்த மெயில் அட்ரஸை எனக்கும் கொஞ்சம் அனுப்பிவிடு."

"நீங்க பந்தையே தொட்டதில்லையே மாமா?"

"அந்த ஸாவி பேருல போட்டவன் மட்டும் தொட்டானாக்கும்?"