வரி கட்டுறவர் பிள்ளைக்கு மட்டும்தான் சலுகையா?



சித்திரை, வைகாசியில் ஒரு சூறைக்காற்று அடித்தால் போதும். அந்தநல்லூரிலிருந்து திருவானைக்கோவில் வரைக்கும் குலை தள்ளின வாழை தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடக்கும். கணக்கெடுத்து, மேலே எழுதி, நிவாரணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஜூன் மாதம் தவறாமல் வந்துவிடும். பள்ளிக்கூடம் திறப்பார்கள். காலேஜில் சேருகிற பிள்ளைக்கு பீஸ் கட்டணும், ஹாஸ்டலுக்குப் பணம் கட்டணும். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்குவதும் அதே மாதம்தான். வீட்டுக்காரம்மா காதில் கிடக்கிற தோடு அடகுக் கடைக்குப் போகும். அதுவும் பத்தாவிட்டால், "இந்த வருஷம் பொண்ணு வீட்டிலேயே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை வரும். அந்த வார்த்தை வராத கிராமம் நம் பக்கத்தில் உண்டா?

பட்ஜெட் காலம் வந்தால் ஒரு பேச்சு எழும். பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்கு வருமான வரிச் சலுகையைக் கூட்டணும் என்பார்கள். கேட்பதில் தப்பில்லை. சம்பளக்காரரும் உழைப்பாளிதான். அவருக்குக் கொடுக்காதே என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சலுகை யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டாமா?

பழைய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை பி.எப்., எல்.ஐ.சி.யோடு சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக் காட்டலாம். ஒரு லட்சம் ரூபாய் பீஸ் கட்டினதாக வைத்துக்கொள்வோம். 30 சதவீத வரி கட்டும் பெரிய அதிகாரிக்கு 30 ஆயிரம் ரூபாய் மிச்சம். 20 சதவீதம் கட்டுகிறவருக்கு 20 ஆயிரம் மிச்சம். ஸ்ரீரங்கத்தில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டவருக்கு? ஒன்றுமில்லை. அவருக்குக் கழிக்க வரியே கிடையாது. வருமானம் கூடக் கூட சலுகையும் கூடுகிறது. இல்லாதவன் பிள்ளைக்கு இல்லை.

"விவசாயிதான் வரியே கட்டுவதில்லையே, அப்புறம் என்ன சலுகை?" என்று கேட்கிறாங்க. வருமான வரி கட்டவில்லை, சரி. டீசலுக்கு வரி கட்டவில்லையா? பூச்சி மருந்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டவில்லையா? 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுக்கும் பென்சிலுக்கும் ஜி.எஸ்.டி.யை எடுத்தார்கள், வரவேற்கிறோம். அதுவரைக்கும் நம்ம பிள்ளையின் பென்சிலுக்கும் நாம் வரி கட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

இந்தக் கோளாறு நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1998 முதல் பிள்ளைகளுக்கு வரிக்கழிவு உண்டு. ஆனால் வருமானம் மிகக் குறைந்த குடும்பத்துக்கு முழுத்தொகை கிடையாது. 2021-இல் ஒரு வருஷத்துக்கு மட்டும் அதை மாற்றினார்கள். வரி கட்டாத குடும்பத்துக்கும் முழுப் பணம் என்றார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் கையில் கொடுத்தார்கள். பிள்ளைகளின் வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது. நிறுத்தினார்கள். 2022-இல் அது 12.4 சதவீதமாக ஏறிவிட்டது. 2024-இல் சலுகையை விரிவாக்க வந்த மசோதா கீழ்ச்சபையில் நிறைவேறியும் செனட்டில் நின்றுபோனது. பணக்கார நாட்டிலேயே இந்த நிலை. வரியோடு முடிச்சுப் போட்டால் ஏழைப் பிள்ளை வெளியேதான் நிற்கும்.

நமக்கு வழி காட்ட அமெரிக்கா வேண்டாம், நம்ம திருச்சி போதும். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது இங்கே பாப்பாக்குறிச்சியில்தான். தட்டோடு வந்த பிள்ளையிடம் "உங்கப்பா வரி கட்டின ரசீது எங்கே?" என்று கேட்டா சோறு போட்டாங்க? பிள்ளை என்றால் சோறு. அதுதான் நியாயம்.

டெல்லியில் போட்ட சட்டமே ஒன்று இருக்கிறது. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு வேலையில் உள்ளவர் தவிர ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்கச் சொல்கிறது. 2017-இல் திட்டம் வந்தபோது முதல் பிள்ளைக்கு மட்டும், அதுவும் 5 ஆயிரம் என்றார்கள். 2022-இல் இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6 ஆயிரம் என்றார்கள். இரண்டாவது ஆண் பிள்ளையைப் பெற்ற தாய் என்ன பாவம் செய்தாள்?

"பணம் எங்கே?" என்பார்கள். 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்றபோது, ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சரே சொன்னார். அங்கே இருந்த மனசு இங்கேயும் இருக்கட்டும். "கையில் கொடுத்தால் குடிச்சே அழிப்பான்" என்பார்கள். தாயின் வங்கிக் கணக்கில் போடுங்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது ஒரு கோடிக்கும் மேலான பெண்களின் கணக்குக்கு நேராகப் பணம் போய்ச் சேர்ந்ததே!

நம் சங்கத்தின் கோரிக்கைகள்:

1. வரி கட்டினாலும் கட்டாவிட்டாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 18 வயது வரை மாதம் 1,000 ரூபாய் தாயின் கணக்கில் மத்திய அரசு போட வேண்டும்.

2. இதற்குப் பட்டா கேட்கக் கூடாது, ரேஷன் கார்டு போதும். 2019-இல் வந்த பி.எம். கிசான் 6 ஆயிரம் ரூபாய்த் திட்டத்தில் பட்டா இல்லாத குத்தகைதாரரை விட்டுவிட்டார்கள். அந்தத் தவறு பிள்ளைகள் விஷயத்தில் வேண்டாம்.

3. 2013 சட்டப்படி எல்லாப் பிரசவத்துக்கும் உதவித்தொகை வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்த வேண்டும்.

தோழர்களே! இத்தனை நாள் தண்ணீருக்கும் விலைக்கும் தெருவில் நின்றோம். பிள்ளைகளுக்காக நாம் நின்றதில்லை. அது நம் குறைதான், ஒத்துக்கொள்வோம். ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்து நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் மனுவோடு வரணும். ஆம்பளைங்க மட்டும் வந்தால் போதாது. தாய்மார்களும் வரணும், பெரிய பிள்ளைகளும் வரட்டும்.

காற்றில் சாய்ந்த வாழைக்குப் பக்கக்கன்று உண்டு. படிப்பை விட்ட பிள்ளைக்கு எது உண்டு? திரண்டு வாரீர்!