ஹியாசிந்த் கோப்புகள்: போலந்து தேசிய நினைவுக் கழகத் தலைவருக்குத் திறந்த மடல்



1985 நவம்பர் 15 அன்று போலந்து முழுவதும் மிலிசியா எனப்பட்ட காவல் படை வீடுகளிலும் பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் நுழைந்து, தன்பாலீர்ப்பாளர் எனச் சந்தேகித்த ஆண்களை அழைத்துச் சென்றது. உத்தரவிட்டவர் உள்துறை அமைச்சர் செஸ்வாஃப் கிஷ்சாக். 'ஹியாசிந்த்' என்ற இந்த நடவடிக்கை 1987 வரை நீண்டது. சுமார் 11,000 பேர் பதிவேட்டில் ஏற்றப்பட்டனர்.

எய்ட்ஸ் தடுப்பு, குற்றக் கும்பல் ஒழிப்பு என்று அரசு காரணம் சொன்னது. காவல் நிலையங்களில் நடந்ததோ வேறு. பிடிபட்டவரின் கைரேகையும் புகைப்படமும் எடுக்கப்பட்டன. நண்பர்களின் பெயர்கள் துருவிக் கேட்கப்பட்டன. தாம் பிறவியிலேயே தன்பாலீர்ப்பாளர், உறவு கொண்டவர்கள் அனைவரும் வயது வந்தவர்கள், சிறுவர்மேல் நாட்டமில்லை என்று எழுதிய தாளில் பலர் கையெழுத்திட வைக்கப்பட்டனர். எந்தக் குற்றமும் சாட்டப்படாத மனிதரிடம் வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் அது.

ஏனெனில் போலந்தில் 1932 முதலே தன்பாலுறவு குற்றமல்ல. அந்தச் சட்ட நிலையே இன்று கையெழுத்திட்டவர்களுக்குப் பாதகமாகியிருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் தன்பாலுறவுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகளை ஜெர்மனி 2017இல் ரத்து செய்தது. தீர்ப்பு ஒன்றுக்கு 3,000 யூரோ இழப்பீடும் அறிவித்தது. போலந்து முதியவரிடம் ரத்து செய்யத் தீர்ப்பே இல்லை. இருப்பது ஒரு கோப்பு மட்டும்.

கம்யூனிச ஆட்சியின் அடக்குமுறைகளை விசாரிக்கவும்தான் கழகம் அமைக்கப்பட்டது. 2007இல் செயற்பாட்டாளர்கள் ஹியாசிந்த் நடவடிக்கையை விசாரிக்கும்படி முறையிட்டனர். அன்றைய சட்டப்படியே எல்லாம் நடந்தது என்று 2008இல் கழகம் மறுத்துவிட்டது. எந்தக் கொடுங்கோல் அரசும் தன் செயலுக்குச் சட்ட ஆதாரம் காட்டிவிடும். அந்த ஆதாரத்தையே விடையாகத் தருவது பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை காவல் நிலையத்துக்கு அனுப்புவதாகும்.

அன்று முப்பது வயதில் கையெழுத்திட்டவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். சிலர் நாட்டைவிட்டே போனார்கள். பலர் வாய்திறக்காமல் வாழ்ந்தார்கள். தம் தாள் எங்கே கிடக்கிறது, யார் யார் படித்தார்கள் என்று அறியாமலே முதுமை வந்துவிட்டது.

2008ஆம் ஆண்டின் மறுப்பைக் கழகம் திரும்பப் பெற வேண்டும். கோப்புகள் எங்கே இருக்கின்றன, எவை அழிக்கப்பட்டன என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கையெழுத்திட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.