நாடகத் துறைக்கு யார் வாத்தியார்?

சீர்காழியில் தமிழிசை மூவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர். விழா என்றால் பாடகர்கள் வருவார்கள், கீர்த்தனை பாடுவார்கள், பொன்னாடை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். பாட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் கவிராயர் எழுதியது இராம நாடகம். அசோமுகி நாடகம் என்று இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அதை மேடையில் பார்த்தவர் யாராவது இருந்தால் இதழுக்கு எழுதுங்கள், சந்தா இல்லாமல் அனுப்பிவைக்கிறோம். 1711இல் தில்லையாடியில் பிறந்து இந்த ஊருக்குக் குடிவந்த மனிதர். பாட்டுக்கு மெட்டுப் போட்ட மாணவர்கள் இருவரும் பக்கத்துச் சட்டநாதபுரத்துக்காரர்கள். எழுத ஆள், இசையமைக்க ஆள், சொல்லிக்கொடுக்க ஆள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்த ஊர் இது. இன்று இங்கே நாடகம் படிக்க ஆசைப்படும் பிள்ளை தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும்.

ஏறிப் போனால் அங்கே யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதுதான் நம் கவலை.

தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தொடங்கியது. அதன் நாடகத் துறை என்றதும் சே. இராமானுஜம் நினைவுக்கு வருகிறார். நாங்குநேரிக்காரர். காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தவர். மலையாள நாடகக்காரர் ஜி. சங்கரப்பிள்ளையோடு சேர்ந்து 1977இல் அங்கே நடத்திய நாடகப் பட்டறைதான் தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு தலைமுறை ஆட்களைத் தந்தது. பிறகு திருச்சூரில், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் கற்பித்துவிட்டுத்தான் தஞ்சைக்கு வந்தார். அவருடைய அருமை மலையாளிக்குத் தெரிந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. இது நம் வழக்கம். யூரிப்பிடிஸின் டிராய் நகரப் பெண்களை அவர் நம் ஒப்பாரிக்குள் கொண்டுவந்து ‘வெறியாட்டம்’ ஆக்கினார். திருக்குறுங்குடிக் கோயிலில் நின்றுபோயிருந்த கைசிக நாடகத்தை நடனக் கலைஞர் அனிதா ரத்னத்தோடு சேர்ந்து 1999இல் மறுபடி ஆடவைத்தார். தேவரடியார் குடும்பத்துப் பெண்கள் ஆடிய நாடகம் அது. பாடக்கூடியவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் நினைவில் மிஞ்சியிருந்ததையும் சுவடியில் கிடைத்ததையும் ஒட்டவைத்துச் செய்த வேலை. வகுப்பறையில் உட்கார்ந்து செய்யக்கூடியதல்ல.

அந்தக் காந்திகிராமப் பட்டறையிலிருந்து வந்தவர் மு. இராமசாமி. மதுரையில் நிஜ நாடக இயக்கம் நடத்தினார், தோல்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தார், தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறைக்குத் தலைவராகவும் இருந்தார். இன்று நம் பக்கத்துப் பையன்களுக்கு ‘ஜோக்கர்’ படத்துப் பெரியவர் என்று சொன்னால்தான் அவரைப் புரியும். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான பள்ளிக்குத் தொடக்கத்தில் தலைமையேற்றவர் கும்பகோணத்து இந்திரா பார்த்தசாரதி. பின்னர் அதே பள்ளிக்கு வந்த கே.ஏ. குணசேகரன் தொண்டையில் பாட்டையும் கையில் பறையையும் வைத்துக்கொண்டு நாடகம் நடத்தியவர். ‘பலி ஆடுகள்’ எழுதியவர்.

இவர்கள் யாரும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையில் படித்து நாடகத் துறைக்கு வந்தவர்கள் இல்லை. துறையே இவர்களுக்குப் பிறகு பிறந்தது. தமிழ் படித்தவர், பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர், ஊர் ஊராகப் பாடியவர் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் கையில்தான் அது வளர்ந்தது. இராமானுஜமும் குணசேகரனும் 2016இல், ஒருவர் ஆண்டின் கடைசி மாதத்திலும் மற்றவர் முதல் மாதத்திலுமாகப் போய்விட்டார்கள். அடுத்த தலைமுறை ஆசிரியர்களைத் தேர்வு செய்யும்போது நம் பல்கலைக்கழகங்கள் பார்ப்பது முனைவர் பட்டம், நெட் தேர்ச்சி, அச்சான கட்டுரைகள். மூன்று மாதம் ஒத்திகை பார்த்து ஒரு நாடகத்தை மேடையேற்றிய ஆசிரியர், அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தேடவேண்டியிருக்கிறது. அதே மூன்று மாதத்தில் அந்த நாடகத்தைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதுகிறவர் பாடு சுலபம். பட்டம் வாங்கியவர்களைப் பழிப்பதாக நினைக்க வேண்டாம். பட்டத்தை மட்டும் பார்ப்பதைத்தான் சொல்கிறோம்.

தஞ்சை மாவட்டத்து ஆர்சுத்திப்பட்டில் இரணிய நாடகம் நடக்கிறது. அங்கே ஒரு பாத்திரத்தை இரண்டு பேர் ஆடுவார்கள். இரணியன் இரண்டு, பிரகலாதன் இரண்டு. ஒருவர் பாடி ஆடியதை மற்றவர் எடுத்துக்கொள்வார். அரங்கில் இரண்டு பேரும் இருப்பார்கள். இது ஏன், எப்படி, பார்க்கிறவர் கண் யார்மேல் போகிறது என்று மேல்நாட்டு நாடகக்காரர் யாராவது கேட்டிருந்தால் அதற்குள் நான்கு கோட்பாடு பிறந்திருக்கும். இதை ஆடக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன இடம்? தகவலாளி என்ற இடம். ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நன்றி, வழிச்செலவுக்கு ஒரு கவர். பெரிய மனசு இருந்தால் ஒரு நாள் பட்டறை, குத்துவிளக்கு, சால்வை. நம் மண்ணிலிருந்து, புஞ்சையிலிருந்து போன ந. முத்துசாமி தெருக்கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரானைக் குருவாகவே வைத்துக் கொண்டாடினார். அவர் நடத்தியது கூத்துப்பட்டறை, பல்கலைக்கழகம் இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு இது முடியாத காரியமுமில்லை. 1960களில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன், கூத்து வாத்தியார்களான மட்டக்களப்பு அண்ணாவிமாரின் கூத்தை மாணவர்களுக்குப் பயிற்றுவித்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று மேடையேற்றினார். அந்த மேடையில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பிலேயே பேராசிரியரானார். இன்னொன்றும் இலங்கையில் உண்டு: நாடகமும் அரங்கியலும் பள்ளிப் பாடம், பொதுத் தேர்வு எழுதலாம். அதனால் நாடகம் படித்தவருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது, துறைக்கு மாணவர் வருகிறார்கள், மாணவர் வருவதால் ஆசிரியர் இருக்கிறார். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் நாடக ஆசிரியர் என்றொரு நிரந்தரப் பணியிடம் கிடையாது. எம்.ஏ. நாடகம் முடித்த பையன் கோடம்பாக்கத்தில் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜெண்டைப் பார்க்கப் போகிறான்.

பள்ளிப் பணியிடம் அரசு மனது வைக்கவேண்டிய விஷயம், நாளாகும். பல்கலைக்கழகம் செய்யவேண்டியதற்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. புரொஃபஸர் ஆஃப் பிராக்டிஸ் என்று 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. துறையில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால் போதும், தொழிலில் தேர்ந்தவருக்குப் பட்டம் கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை, இருக்கும் இடத்தைப் பறிக்காமல், கூடுதலாக நியமிக்கலாம். அதிகம் போனால் நான்கு ஆண்டு. நுண்கலைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பொறியியல் கல்லூரிகள் கம்பெனி மேலாளர்களை அழைத்துவரப் பயன்படுத்தும் இந்த வழியில் ஒரு கூத்து வாத்தியாரை அழைத்துவர என்ன தடை?

தஞ்சையிலும் புதுவையிலும் துணைவேந்தர் நாற்காலியில் இருப்பவர்களிடம் சீர்காழியிலிருந்து கேட்கிறோம்: அடுத்த கல்வியாண்டில் ஆளுக்கொரு வாத்தியாரை நியமியுங்கள். ஒரு நாள் விருந்தினராக வேண்டாம்; வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் ஆசிரியராக. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதை முதல் நாளே தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.