பழைய மென்பொருளும் பழி சுமக்கும் தொழிலாளியும்

1995 ஆகஸ்டு 15-இல் விதேஷ் சஞ்சார் நிகம் நம் நாட்டுப் பொதுஜனங்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. பின்னர் வந்த இணைப்புக் கம்பெனிகள் பலவும் தத்தம் மென்பொருளை வீட்டுக் கணினிகளில் ஏற்றின, ஏற்றியதோடு மறந்தன. கணினியை இயக்கும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோஸாப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திற்று. கணினி மாறியும் அம்மென்பொருள் மாறவில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு வீட்டின் இணைப்பு அறுந்தால் ஏச்சுக் கேட்பவன் யார்? பழுது பார்க்கப் பொன்னேரியிலிருந்து பஸ் ஏறி வரும் தொழிலாளி! மென்பொருளைத் திருத்தும் அதிகாரம் அவனுக்கில்லை. அழித்து மறுபடி ஏற்றுவதொன்றே அவனால் ஆவது. அந்த ஏரியிலே யார், எந்நாள், எவ்விடத்தில் வலையிடுவதென்பதைப் 'பாடு' முறைப்படி மீனவரே வகுத்திருக்கின்றனர். தவறியவனைக் கேட்க ஊருண்டு. கம்பெனியைக் கேட்பார் யார்? மென்பொருளை இத்தனை ஆண்டு புதுப்பித்துத் தருவோமென்று எழுதிக் கொடுப்பதை உரிமத்தின் நிபந்தனையாகத் தொலைத்தொடர்பு இலாகா உடனே விதிக்கவேண்டும்.